ஜூலை மாதமும் பெடியனின் கொம்பியூட்டரும்

ஜூலை பிறந்தால் எனக்கு வருகிற வாட்ஸ்அப் கேள்விகள் ஒரே மாதிரித்தான் இருக்கும். "மகன் கொம்பியூட்டரை ஓவர்கிளாக் பண்ணி வச்சிருக்கிறான், 95 டிகிரி காட்டுது, வீடு பத்தி எரியுமோ?" கேட்கிறவர்கள் என் வயதுக்காரர்கள், இங்கேயே படித்து வளர்ந்தவர்கள். ஆனால் மகனின் அறை வாசலில் நின்றதும் எங்கள் அப்பா அம்மாவின் குரல்தான் எங்களுக்கும் வருகிறது: "அதை முதல்ல நிப்பாட்டு!"

வீடு எரியாது. இப்போதைய புரொசசர்கள் தங்கள் சூட்டைத் தாங்களே அளக்கின்றன. எல்லை வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் தானாக நின்றுவிடும். இன்டெலின் அண்மைக்கால டெஸ்க்டொப் புரொசசர்கள் பலவற்றுக்கு அந்த எல்லை 100 டிகிரி. ஏஎம்டி 2022இல் ரைசன் 7000 வரிசையை வெளியிட்டபோது, முழு வேலை கொடுத்தால் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்கும்படிதான் செய்திருக்கிறோம் என்று சொன்னது. ஆகவே 95ஐக் கண்டு உடனே பதற வேண்டியதில்லை. அந்த 95 எத்தனை வோல்ட்டில் வந்தது என்று கேளுங்கள்.

என் அக்கா குடும்பம் டோர்செட் பார்க்கில், கெனடி ரோட் பக்கத்து உயர்மாடிக் கட்டடம் ஒன்றில் 12ஆம் மாடியில் இருக்கிறது. மேற்குப் பார்த்த ஜன்னல். மருமகனுக்குப் பதினாறு வயது; பகுதிநேர வேலைக் காசில் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டின கொம்பியூட்டர். ஜனவரியில் 5.4 கிகாஹெர்ட்ஸ், 1.36 வோல்ட் என்று செட் பண்ணினான். அறை 20 டிகிரி, புரொசசர் 84. பெடியனுக்கு நல்ல சந்தோஷம்.

ஜூலையில் அதே அறை 30 டிகிரி. புரொசசர் 96. கேம் நடுவில் நின்றுவிடுகிறது. கடையில் வாங்குகிற கூலர், காற்றோ தண்ணீரோ, புரொசசரை அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. அறை பத்து டிகிரி ஏறினால் உள்ளேயும் பத்து டிகிரியாவது ஏறும். சூடு ஏற ஏற, அதே வேகத்தில் ஒழுங்காக ஓட அதற்குக் கொஞ்சம் கூடுதல் வோல்ட்டும் வேண்டிவரும். பங்களா வீட்டு பேஸ்மென்டில் இருக்கிற அவனது நண்பனுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை!

"மாமா, தண்ணிக் கூலர் ஒண்டு வாங்குவமே? 200 டொலர்தான்."

வாங்கலாம். ஆனால் அதற்கு முதல் ஒரு சின்னக் கணக்கு. புரொசசர் தின்கிற மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும். வோல்ட்டோடு அதன் வர்க்கமாக ஏறும். 1.36ஐ 1.25 ஆக்கி, வேகத்தை 5.2க்கு இறக்கினால் மின்சாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. வேகத்தில் போவதோ நாலு வீதம் கூட இல்லை. கடைசி 200 மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் அவன் அவ்வளவு வோல்ட் கொடுத்து வைத்திருந்தான். பயோஸில் இரண்டு எண்களை மாற்றினோம். பின்னேரம் ஐந்து மணிக்கு, கதவைச் சாத்தி, வெயில் நேராக விழுகிற நேரத்தில் மூன்று மணித்தியாலம் கடுமையான சோதனை ஓட்டினோம். 84ஐத் தாண்டவில்லை. 200 டொலர் அவன் பையிலேயே இருந்தது.

முந்தி இப்படி இல்லை. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏயை, பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றி, 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்குக் கொண்டுபோனார்கள். பாதி மடங்கு வேகம், சும்மா! இன்று கொம்பனியே புரொசசரை அதன் எல்லைக்குக் கிட்ட ஓட்டித்தான் விற்கிறது. எங்களுக்கு மிஞ்சுவது சில்லறைதான்.

வோல்ட் என்ன செய்யும் என்பதை 2024இல் உலகமே பார்த்தது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்கள் ஓவர்கிளாக் செய்யாதவர்களிடமும் கேம் நடுவில் விழுந்தன. புரொசசர் அளவுக்கு மிஞ்சிய வோல்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. கூடிய வோல்ட்டும் சூடும் சேர்ந்து உள்ளிருக்கும் ஒரு சுற்றை முன்கூட்டியே முதுமையாக்கின. ஓகஸ்டில் வந்த திருத்தம் கேட்கும் வோல்ட்டை 1.55இல் மட்டுப்படுத்தியது. உத்தரவாதமும் இரண்டு வருடம் நீட்டப்பட்டது. ஏற்கெனவே பழுதானதை அந்தத் திருத்தம் சரியாக்காது. அந்தத் தலைமுறைக் கொம்பியூட்டர் உங்கள் வீட்டில் இருந்தால், ஓவர்கிளாக் இருக்கோ இல்லையோ, இந்த வார இறுதியில் பயோஸைப் புதுப்பியுங்கோ. ஏஎம்டிக்கும் 2023இல் இதே பாடு: எக்ஸ்3டி வகைகளில் சில எரிந்துபோக, ஒரு வோல்ட்டை 1.3க்கு மேல் போகாமல் பூட்டினார்கள்.

அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. அவவின் கவலை வேறு. அம்மம்மாவின் யாழ்ப்பாணத்து அல்பம் முழுவதையும் ஸ்கான் பண்ணி இந்தக் கொம்பியூட்டரில்தான் வைத்திருந்தா. "தம்பி, ரெண்டு படம் திறக்குதில்லை, வந்து பார்." காரணம் ஓவர்கிளாக்தான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் எல்லையில் தள்ளாடும் புரொசசர் விழுந்தால்தான் தெரியும் என்றில்லை. விழாமலே ஒரு பிட்டைத் தவறாக எழுதிவிட்டுப் போகும். புரொசசர் போனால் காசு கொடுத்து வாங்கலாம். நல்ல காலம், அல்பத்தின் மூலப் படங்கள் அலுமாரிக்குள் இருந்தன. இப்போது எல்லாம் இரண்டு வெளி டிரைவில், ஒன்று என் வீட்டில்.

பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. இரண்டு மாதம் பயோஸோடு மல்லுக்கட்டின பெடியனுக்கு மின்சாரக் கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததை விட நன்றாக விளங்குகிறது. பக்கத்தில் இருந்து எந்த வோல்ட் என்று கேளுங்கோ. எழுதி வைக்கச் சொல்லுங்கோ.

மற்றது, எங்கள் சமையல். மீன் பொரிக்கிற எண்ணெய்ப் புகை கூலரின் தகடுகளில் படிந்தால் தூசி பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருக்கா திறந்து துடையுங்கோ. பழைய கட்டடம் என்றால் ஜன்னல் ஏசியையும் கொம்பியூட்டரையும் ஒரே சுவிட்ச் பாரில் கொழுவ வேண்டாம், பிரேக்கர் விழும்.

மருமகன் இப்போது கிராபிக்ஸ் கார்டில் கை வைக்கப்போகிறானாம். அது அடுத்த மாதம்.