மரபணுப் பேரேட்டைப் பேணவும் நிதி வேண்டும்

இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும் நெல் ‘சுவர்ணா சப்-1’. ஒடிசாவின் பாரம்பரிய நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த ‘எப்.ஆர். 13ஏ’ இரகத்தின் சப்-1ஏ மரபணுவே இதற்குக் காரணம் என்பது 2006-ல் உறுதியாயிற்று. மூழ்கிய பயிர் வீணே நீண்டு வளர்ந்து சத்தை இழக்காதபடி இம்மரபணு தடுக்கிறது. நீர் வடிந்ததும் பயிர் மீண்டும் துளிர்க்கிறது. 2009-ல் இவ்விரகம் இந்திய விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது.

நெல்லில் 30,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. எந்த மரபணு என்ன வேலை செய்கிறது, அதற்குச் சான்று என்ன என்பவை கம்ப்யூட்டரில் உள்ள பொதுப் பேரேடுகளில் பதியப்படுகின்றன. ஜப்பான் நாட்டில் நெல்லுக்கென்றே இத்தகைய பேரேடுகள் உள்ளன.

பட்டா மாறுதலைக் கிராமக் கணக்கில் உடனுக்குடன் பதியாவிட்டால் வழக்கு வளரும். இதுவும் அப்படியே. ஒரே மரபணுவுக்கு இரண்டு பெயர் நிலைத்தாலும், தவறான பதிவு திருத்தப்படாமல் கிடந்தாலும், புதிய இரகம் உருவாக்குவோரின் பல பருவ உழைப்பு வீணாகும்.

புதியதைக் கண்டுபிடிக்கக் கிடைக்கும் பணம், கண்டதைக் கணக்கில் வைக்க எளிதில் கிடைப்பதில்லை. பயிர் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக விளங்குவது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடி. அதன் பேரேட்டுக்கு அமெரிக்க அரசு அளித்த நிதி 2013-ல் நின்றது. பின்னர் சந்தா வசூலித்தே அதை நடத்த வேண்டியதாயிற்று. சந்தா கட்ட இயலாத சிறு ஆராய்ச்சி நிலையம் பின்தங்கினால், முடிவில் நட்டம் விவசாயிக்கே.

ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பேரேடுகளைப் பேணுவதற்கென்று அரசுகள் ஆண்டுதோறும் அளிக்க வேண்டும். வெள்ளமும் வறட்சியும் தாங்கும் இரகம் கேட்கும் விவசாயிகள், இதையும் சேர்த்துக் கேட்பது நியாயமே.