நம்பியாருக்கு நற்சான்று எதற்கு?

நடிகர் எம்.என். நம்பியார் 2008-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு அகவை 89. அன்று தொட்டு அவர் பெயர் எங்கெங்கு எடுக்கப்படுகிறதோ அங்கெல்லாம் ஒரே பல்லவிதான் பாடப்பட்டு வருகிறது. “திரையில் தீயவர், வாழ்வில் தூயவர்” என்பதே அப்பல்லவி. பத்திரிகையாளர் எழுதுகின்றனர், வானொலியார் உரைக்கின்றனர், மேடையேறுவோர் முழங்குகின்றனர். கேட்டோரும் “ஆம், ஆம்” என்று தலையசைத்து, ஒரு பெரிய மனிதருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்து முடித்தோம் என்னும் நிறைவோடு வீடு திரும்புகின்றனர்.

இப்பல்லவியை நாம் மறுக்கிறோம். அது பொய் என்பதற்காக மறுக்கவில்லை. மெய்யாயிருந்தும் அது செய்யும் தீங்குக்காகவே மறுக்கிறோம்.

அன்பர்கள் சினங்கொள்ள வேண்டா. நம்பியார் புலால் உண்ணாதவர், குடி அறியாதவர், ஐயப்ப பக்தர், பல பத்தாண்டுகள் சபரிமலைக்குச் சென்று வந்தவர், பெருங்கூட்டத்துக்குக் குருசாமியாய் விளங்கியவர் என்பனவெல்லாம் உலகறிந்த செய்திகள். அவற்றில் ஒன்றையும் நாம் குறைத்துக் கூறப் போவதில்லை. மலைக்குப் போவதும் போகாதிருப்பதும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தவை. ஆயின், நாம் கேட்பது இது: ஒரு கலைஞன் தன் தொழிலைச் செவ்வனே செய்ததற்கு ஏன் கோவிலிலிருந்து நற்சான்று வாங்கி வர வேண்டும்? தச்சன் பாடை செய்தால், “அவன் பாடை செய்தானே தவிர, மனத்தால் மங்கலமானவன்” என்று எவரேனும் சமாதானம் சொல்லுகிறோமா? தீயோன் வேடத்தை ஒரு பாவமாகவும், விரதத்தையும் யாத்திரையையும் அப்பாவத்துக்குக் கழுவாயாகவும் எண்ணுகிற வைதீக மனப்பான்மையன்றோ இப்பல்லவிக்குள் ஒளிந்திருப்பது?

மேலும், இந்தத் துலாக்கோல் எதிர்நாயகனுக்கு மட்டுமே தூக்கப்படுகிறது. கதாநாயகராக வந்து ஏழைக்கிரங்கி, தாயைத் தொழுது, மாற்றான் மனைவியை ஏறிட்டும் பாராத உத்தமர்களாய்த் திரையில் உலவியவர்களைக் குறித்து, “வாழ்வில் எவ்வாறு?” என்று எவரும் கேட்டிலர். அங்கே வேடமே மனிதன் என்று கொள்ளப்பட்டது. வாக்குச் சீட்டும் அதற்கேற்பவே விழுந்தது. ஒரு வேடிக்கையைக் கூறுகிறேன். அண்ணாதுரை எழுதிய ‘வேலைக்காரி’ (1949) யில் நம்பியாரும் நடித்தார், வி.என். ஜானகியும் நடித்தார். ‘மந்திரி குமாரி’ (1950) க்கு உரையாடல் வரைந்தவர் மு. கருணாநிதி, அதன் நாயகர் எம்.ஜி. இராமச்சந்திரன். ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) நாயகி ஜெயலலிதா. அதிலும் நம்பியார் உண்டு. இவ்வைவரும் பிற்காலத்தில் முதலமைச்சராயினர். எதிரே நின்று வாள் சுழற்றித் தோற்றவருக்குக் கிடைத்ததோ, “ஆனாலும் நல்லவர்” என்னும் ஆறுதல்!

நிற்க. அவருடைய தொழில் வாழ்வு தொடங்கிய விதத்தைப் பார்ப்போம்.

வடமலபாரில் கண்ணனூர்ப் பக்கம் 1919 மார்ச் 7-ஆம் நாள் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து உதகமண்டலத்தில் உறவினரிடம் வளர்ந்தவர். பள்ளிப் பருவம் முடியுமுன் நவாப் இராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அக்கம்பெனியைப் பற்றி ஒரு சொல் கூறாமல் அப்பால் செல்ல முடியாது. இராஜமாணிக்கம் தெய்வ பக்தியில் ஊறியவர். ஐயப்பன் கதையை மேடையேற்றித் தமிழ்நாட்டில் பரப்பியவர். நம்பியாரின் பக்திக்கு வித்திட்டவரும் அவரே. அத்தகையவருக்கு ‘நவாப்’ என்னும் பட்டம் எங்கிருந்து வந்தது? இராமதாசர் நாடகத்தில், பக்தனாகிய இராமதாசனைச் சிறையிலிட்ட நவாபாக வேடந்தாங்கி நடித்த சிறப்பால் வந்தது! பக்தனை வாட்டியவன் வேடத்தின் பெயரையே ஆயுள் முழுதும் பெயருக்கு முன்னால் பெருமையாகச் சூடிக்கொண்டார் அப்பக்தர். அவருக்கு நாணம் தோன்றவில்லை, கழுவாயும் தேவைப்படவில்லை. தம் தொழிலை அவர் அறிந்திருந்தார். ஆசிரியர் அறிந்திருந்ததை, மாணவருக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்கள் அறிந்திலர்.

அந்நாடகமே 1935-இல் ‘பக்த ராமதாஸ்’ என்று பேசும் படமாயிற்று. நம்பியாரின் முதற்படம் அதுவே. இளமையில் அவருக்குக் கிடைத்தவற்றுள் நகைச்சுவை வேடங்களும் உண்டு, எம்.ஜி.ஆர். முதன்முதல் நாயகராய் வந்த ‘ராஜகுமாரி’ (1947) யில் நம்பியார் சிரிப்பு மூட்டியவர்களுள் ஒருவர். 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸார், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலைப் படமாக்கிய ‘திகம்பர சாமியார்’ படத்தில் அவரே நாயகர். பத்துக்கும் மேற்பட்ட மாறுவேடங்களில் தோன்றினார். 1952-இல் ‘கல்யாணி’யிலும் நாயகர். முரட்டு வேடத்துக்கென்றே பிறந்த முகமன்று அது என்பதற்கு இவை போதும். பட முதலாளிகளுக்குத் தேவைப்பட்டது ஒரு முகம், அதனை இவரிடம் கண்டனர், அதன்பின் விட்டாரில்லை.

‘மந்திரி குமாரி’யைச் சற்று நின்று நோக்க வேண்டும். அதில் நம்பியார் ராஜகுரு. நடித்தபோது அவருக்கு அகவை 31. எஸ்.ஏ. நடராஜனுக்குத் தந்தையாக வருகிறார்! மன்னன் பெயருக்கு மன்னன், ஆள்பவன் குரு. தன் மகனைத் தளபதியாக்கத் துடிக்கிறான். அது கைகூடாமற் போகவே மகன் கொள்ளைத் தலைவனாகிறான். குருவின் நிழல் அவனைக் காக்கிறது. இங்கே தீமை என்பது ஒரு மனிதனின் பல்லிடுக்கிலிருந்து பிறக்கவில்லை. அது ஒரு பீடத்திலிருந்து பிறக்கிறது. காவியுடையும் அரசவையும் கைகோத்தால் நாடு என்னவாகும் என்பதை அந்த இளைஞர், உரத்துக் கத்தாமல், கண்ணசைவாலும் தணிந்த குரலாலும் காட்டினார்.

அவருடைய கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளங்கைகளைத் தேய்த்துக் கொண்டு, பற்களைக் கடித்தபடி, சொற்களை மென்று துப்பும் அப்பாணியைப் பல குரலில் பேசும் கோமாளிகளெல்லாம் இன்றும் போலி செய்கின்றனர். கேலிக்குரியதாய் அது ஆகிவிட்டது. ஆயின் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அடிக்கப் போகிறவன் கையைத் தேய்ப்பதில்லை, முட்டியை மடக்குவான். கையைத் தேய்ப்பவன் கணக்குப் பார்க்கிறவன். எவனை எவனோடு மோத விடலாம், எந்தப் பத்திரத்தில் எவன் கையெழுத்தை வாங்கலாம் என்று எண்ணுகிறவன். முரடர் வேடத்துக்குப் பேர்போன இந்நடிகர், முரட்டுத்தனத்தின் வேர் புயத்தில் இல்லை, பேரேட்டில் இருக்கிறது என்பதை அந்த ஒரு செய்கையில் அடக்கி வைத்திருந்தார் என்பதே நம் துணிபு. ‘படகோட்டி’ (1964) யில் மீனவக் குப்பங்கள் இரண்டை ஒன்றோடொன்று பகைக்க வைத்து, அப்பகையில் பிழைக்கும் செல்வனாக அவர் வந்தபோது அக்கை மிகப் பொருந்தியது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நாம் வைப்பது ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963). மறுபிறவிக் கதை அது. மறுபிறவியில் நமக்கு நம்பிக்கை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறோம். ஆயினும் அக்கதையின் முதுகெலும்பு வேறு. ஏழைப் பெண்ணைத் தன் மகன் காதலித்தான் என்பதற்காக அக்காதலைக் கொலையால் முடித்த ஜமீன்தார், நூறு ஆண்டைத் தாண்டியும் சாகாமல் கிடக்கிறான். காதலர் மீண்டும் பிறந்து வந்து கூட முற்படுகையில், அத்தள்ளாத கிழவன் மீண்டும் எழுந்து துரத்துகிறான்! படம் வந்த ஆண்டில் நம்பியாருக்கு 44 அகவை. தோல் சுருங்கி, முதுகு வளைந்து, எலும்புக்கூடாய் நடமாடும் அவ்வுருவில் ஒன்று மட்டும் முதுமையடையவில்லை. அது கண்ணில் எரியும் குலப்பெருமை. காதலுக்குக்கூட இறந்து பிறக்க வேண்டியிருந்தது. குலவெறிக்கோ சாவே இல்லை!

இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மனிதன் எதை எண்ண வேண்டும்? தன் தெருவை எண்ண வேண்டும். தன் தாத்தாவை எண்ண வேண்டும். 2016-இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, சாதியைக் கடந்து மணந்த இளைஞரொருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். 1963-இல் நம்பியார் காட்டிய கிழவன் அன்றும் சாகவில்லை. ஆயின் நம்மவர் செய்தது என்ன? “அடேயப்பா, எவ்வளவு பயங்கரம்!” என்று வியந்தார்கள், அடுத்த மூச்சிலேயே, “பாவம், நிசத்தில் தங்கமான மனிதர்” என்றார்கள். தீர்ந்தது வழக்கு! காட்டப்பட்ட ஜமீன்தார் பொய்யனானான். காட்டிய நடிகர் புண்ணியவானானார். காண வேண்டிய குற்றம் இரண்டுக்கும் நடுவே வழுக்கிப் போயிற்று.

படக்காரர்களும் குற்றமற்றவர் அல்லர். 1965-இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யை எடுத்துக் கொள்ளுங்கள். அதற்கு முந்திய ஆண்டு தெலுங்கில் வெளிவந்த கதை அது. பெருஞ்சொத்துக்குரிய கோழைப் பிள்ளையை அவன் அக்காள் கணவன் கஜேந்திரன் சவுக்கால் அடித்து ஆள்கிறான், கஜேந்திரனாக நம்பியார். பிள்ளையின் உருவத்திலேயே இருக்கும் வீரன் ஒருவன் வந்து அச்சவுக்கைப் பிடுங்கித் திருப்பி அடிக்கிறான். கொட்டகையே எழுந்து நின்று கைதட்டிற்று. நாமும் தட்டினோம். வீடு வந்த பிறகன்றோ விளங்கிற்று: சவுக்கு கை மாறிற்றே யொழிய, சவுக்கு ஒழியவில்லை! சொத்து உரியவனிடம் சேர்ந்தது. அச்சொத்தில் உழைத்தவன் நின்ற இடத்திலேயே நின்றான். ‘மந்திரி குமாரி’யில் ஒரு பீடமாயிருந்த தீமை, பதினைந்து ஆண்டுகளில் ஒரு வீட்டு மாப்பிள்ளையின் கெட்ட குணமாய்ச் சுருங்கிப் போயிற்று. நடிகர் அதே நடிகர்தாம். கொடுத்த வேடம் சிறுத்து விட்டது. தீமை தனி மனிதனின் குணமென்று ஆகிவிட்டால், அம்மனிதன் நிசத்தில் நல்லவனா என்று கேட்பது இயல்புதானே? பல்லவி பிறந்த இடம் அதுவே.

இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சிலர் கேட்கக்கூடும். யான் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி. சில ஆண்டுகளுக்கு முன், ஆள் கொண்டு வந்து குலை வெட்டுவிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் எங்கள் பக்கம் இருந்தார். வெட்டுபவர்கள் கடல் கடந்து வந்த பிற நாட்டார். எழுத்து அறியாதவர் பலர். மாதந்தோறும் அவர்கள் வெட்டிய குலையில் ஒரு பகுதி கணக்கில் மறைந்து போகும். குறைத்துச் சொல்லப்பட்ட தொகையைச் செக்ரோலில் பதிந்தது என் கை. ஐயம் எழுந்து ஊர்ப் பெரியவர் இருவரிடம் சொன்னேன். வந்த விடை யாது? “தம்பி, தொழிலென்றால் அவர் கொஞ்சம் கறார்தான். ஆனால் மனிதர் உத்தமர். கோவிலுக்கு முன்மண்டபம் போட்டுக் கொடுத்தது யார் என்று தெரியுமா?”

தொழிலில் தீயவர்; வாழ்வில் தூயவர்! கேட்ட பல்லவியாயிருக்கிறதே என்று திடுக்கிட்டேன். நடிகருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, சுரண்டுபவருக்கும் அதையே சொல்லிற்று. நடிகர் விடயத்தில் அது வெறும் மடமை. வேடத்தால் எவன் வயிறும் காயவில்லை. ஒப்பந்தக்காரர் விடயத்திலோ அது கூலி வயிற்றில் அடிப்பதற்குப் போர்த்திய பட்டாடை. அவர் கையைத் தேய்த்ததில்லை, கண்ணை உருட்டியதில்லை, “வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?” என்றுதான் கேட்பார். திரையில் வந்த கணக்குப் பார்க்கும் கையை நன்றாகப் பார்க்கப் பழகியிருந்தால், எனக்கும் அப்பெரியவர்களுக்கும் அவர் எளிதில் அடையாளம் தெரிந்திருப்பார். இரண்டு மாதம் அவர் சொன்ன கணக்கை எழுதினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் மாதம் எண்ணிய கணக்கை எழுதினேன். அதன்பின் நேர்ந்தது இக்கட்டுரைக்கு உரியதன்று.

“அப்படியானால் அவர் நற்பண்புகளைப் பேசவே கூடாதா?” என்பார்க்கு விடை: வாழ்க்கை வரலாற்றில் தாராளமாகப் பேசுங்கள். அவர் தொழிலுக்கு மன்னிப்பாக மட்டும் பேசாதீர்கள். 1982-இல் பாக்கியராஜின் ‘தூறல் நின்னு போச்சு’ படத்தில் நல்ல பெரியவராய், நகைச்சுவையோடு அவர் வந்தபோது, “நம்பியார் திருந்தி விட்டார்” என்று பத்திரிகையும் மக்களும் கூத்தாடினர். 63 அகவையில், நாற்பத்தேழு ஆண்டுத் தொழிலுக்குப் பின், திருந்தினாராம்! இராமதாசனைச் சிறையிலிட்டு அப்பெயரையே பட்டமாய்ச் சுமந்த நவாபின் மாணவரிடம் போய், எதிலிருந்து திருந்தினீர் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.