வலி வரும்வரை காத்திருக்கச் சொல்லும் முடிவு

கலிஃபோர்னியாவில் குறைந்த வருவாய் உள்ளோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடி-காலிலிருந்து, குடியேற்ற ஆவணம் இல்லாத வயதுவந்தோருக்கான பல் சிகிச்சைப் பகுதியை 2026 ஜூலை 1 முதல் நீக்குவதென 2025 ஜூனில் வரவு-செலவுத் திட்டத்தோடு எடுக்கப்பட்ட முடிவு, சிக்கனம் என்னும் பெயரால் நியாயப்படுத்தப்பட்டு வருகிறது. அவசரப் பல் சிகிச்சை தொடரும் என்பதே அதற்குச் சொல்லப்படும் சமாதானம். முடிவின் பிழை முழுவதும் அந்தச் சமாதானத்திலேயே அடங்கியிருக்கிறது.

அவசரம் என்று ஏற்கப்படுபவை தாங்கமுடியாத வலி, வீக்கம், சீழ் போன்றவை. அவற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வலி நீக்கமும் பல் பிடுங்கலுமே. ஈறு நோயோ பெரும்பாலும் வலியின்றி வளர்வது. பல்லின் அடியில் படியும் நுண்ணுயிர்ப் படலம் காறையாக இறுக, ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போன்ற இடைவெளி உண்டாகி, அதனுள் பெருகும் நுண்ணுயிர்களை எதிர்க்க உடல் எடுக்கும் முயற்சியே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்கும் நிலையை மருத்துவர்கள் பெரியோடான்டைட்டிஸ், அதாவது பற்சூழ் அழற்சி, என்பர். பல் துலக்கும்போது எச்சிலில் தென்படும் இரத்தக் கசிவைத் தவிர வேறு அறிகுறி ஆண்டுக்கணக்கில் தெரியாமலே போகலாம். அதைக் கண்டறிய, மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பையின் ஆழத்தை அளந்தாக வேண்டும். அந்த அளவீடு நிகழும் இடம் வழக்கமான பரிசோதனையே அன்றி அவசரப் பிரிவு அன்று. ஆகவே வழக்கமான பரிசோதனையை நீக்கிவிட்டு அவசரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, வாய் நோய்களுள் உடல் முழுவதையும் தொடக்கூடிய நோயையே வெளியே நிறுத்திவிடுகிறது.

உடல் முழுவதையும் தொடும் என்பது மிகையன்று. பையின் உட்சுவர் புண்பட்டிருப்பதால் மெல்லும்போதும் துலக்கும்போதும் நுண்ணுயிர்கள் இரத்தத்தில் கலக்கின்றன. ஈறில் உருவாகும் அழற்சிப் பொருள்கள் இன்சுலினின் செயலை மட்டுப்படுத்துகின்றன. சர்க்கரை ஏற ஏற ஈறு மேலும் கெடுகிறது. 35 மருத்துவச் சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த 2022-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, ஈறு சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளின் எச்பிஏ1சி, அதாவது கடந்த மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையை உணர்த்தும் அளவு, மூன்று நான்கு மாதங்களில் 0.43 சதவீதப் புள்ளி குறைந்ததைக் காட்டியது. மாரடைப்புக்கு ஈறு நோய் நேரடிக் காரணம் என்பது நிறுவப்படவில்லை, தொடர்பு மட்டுமே உறுதியாகியுள்ளது என்பது உண்மையே; நீரிழிவைப் பொறுத்தவரை அந்தத் தயக்கத்துக்கும் இடமில்லை.

ஏற்கெனவே பதிந்துள்ள ஆவணமற்றோருக்குக் காப்பீட்டின் மருத்துவப் பகுதி தொடர்வதால், சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் திராட்சை பறிக்கும் நீரிழிவுத் தொழிலாளி ஒருவருக்கு இன்சுலினுக்கான பணத்தை மாநிலம் தரும். சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸுக்கும் தரும். அந்த நிலையைத் தள்ளிப்போட உதவக்கூடிய, காறையை வேர்வரை சுரண்டி எடுக்கும் சிகிச்சைக்கு மட்டும் தராது. இதற்குச் சிக்கனம் என்று பெயரிடுவது பொய்க் கணக்கு.

அறியாமல் நேர்ந்த பிழை என்று இதை மன்னிக்கவும் வழியில்லை, ஏனெனில் இதே மாநில அரசு இதே சோதனையை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. 2009 ஜூலையில் ஏறத்தாழ எல்லா வயதுவந்தோருக்கும் இந்தப் பல் சிகிச்சை நிறுத்தப்பட்டபோது, பல் தொல்லைக்காக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கான வருகைகள் ஆண்டுக்கு 1,800-க்கும் மேல் கூடின என்பதைப் பின்னர் ஆய்வு வெளிப்படுத்தியது. 2014 மே மாதத்தில் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டபோதும் ஈறு சிகிச்சை பட்டியலில் இல்லை, முழுப் பல்செட் இருந்தது. அதாவது பற்கள் எல்லாம் விழுந்தபின் கட்டுவதற்குப் பணம் இருந்தது, ஈறு நோயால் விழாமல் காப்பதற்கு இல்லை. இவ்வளவு தலைகீழான பட்டியலுக்கு ஒப்பமிட்டவர்கள் அதைத் திருத்த 2018 ஜனவரி வரை எடுத்துக்கொண்டார்கள். இடையே, இந்தக் காப்பீட்டை ஏற்கும் பல் மருத்துவர்களுக்கு ஏற்கெனவே சொற்பமாக இருந்த கட்டணத்தில் மேலும் 10 சதவீதம் வெட்டப்பட்டு, அந்த வெட்டும் பின்னர் கைவிடப்பட்டது. ஆவணமற்றோரில் 26 முதல் 49 வயது வரையிலானோருக்கு முழுக் காப்பீடு நீட்டிக்கப்பட்டது 2024 ஜனவரியில்தான். முப்பது மாதங்களுக்குள் அதிலிருந்து வாயைப் பிடுங்கி எடுக்கும் துணிவு, பழைய பாடம் எதையும் படிக்காதவர்களுக்கே வரும்.

முடிவு திரும்பப் பெறப்பட வேண்டும். குறைந்தபட்சம் நீரிழிவு உள்ளோரின் ஈறையாவது மருத்துவக் கணக்கில் சேர்க்கும் ஓர் ஏற்பாடு காணப்பட வேண்டும். அதன் வடிவத்தையும் நிதியையும் வகுப்பது மாநில அரசின் பொறுப்பு. ஆனால் சென்ற முறை போல மனம் மாற எட்டரை ஆண்டுகள் எடுத்துக்கொள்வதற்கு இடமில்லை, ஏனெனில் அதற்குள் கரைந்துபோகும் தாடை எலும்பு, காப்பீடு திரும்பி வந்தபின் பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை.