எல்லாருக்கும் ஒரே சதவீதம்: யாருக்கு லாபம்?

எங்க டாக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்ல ஒவ்வொரு மார்ச் மாசமும் இதே சண்டை. "எதுக்கு இத்தனை ஸ்லாப்? எல்லாருக்கும் ஒரே சதவீதம் போட்டா முடிஞ்சுது. அதுதானே சமத்துவம்?" இந்த தடவை அங்க பதில் போடாம இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு தப்பான புரிதல். வருமானம் 24 லட்சத்தைத் தாண்டினா மொத்தத்துக்கும் 30% போயிடும்னு எம்.டி. முடிச்சவங்களே நம்பறாங்க. இல்லைங்க. தாண்டின பகுதிக்கு மட்டும்தான். 2025 பட்ஜெட்டுக்கு அப்புறம் புது முறையில முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்தடுத்த 4 லட்சங்களுக்கு 5, 10, 15, 20, 25 சதவீதம். அதுக்கு மேலதான் 30.

கூட்டிப் பாருங்க. வரிக்குரிய வருமானம் சரியா 24 லட்சம்னா வரி 3 லட்சம். அதாவது 12.5%. (செஸ், சர்சார்ஜை விட்டுடுவோம்.)

இப்ப எல்லாருக்கும் 12.5%னு வெச்சுடுவோம். 24 லட்சக்காரருக்கு ஒரு ரூபா மாறாது. 10 லட்சம் வாங்கற நர்ஸுக்கு இன்னிக்கு தள்ளுபடி போக வரியே இல்லை. அவங்க 1,25,000 கட்டணும். என்னை மாதிரி 15 லட்சக்காரருக்கு 1,05,000 இருந்தது 1,87,500 ஆகும். 1 கோடிக்காரருக்கு? 25,80,000 இருந்தது 12,50,000.

குரூப்ல கைதட்டினதுல முக்காவாசி பேர் என் சம்பளக்காரங்க!

"கீழ இருக்கறவங்களுக்கு விலக்கு குடுத்துடலாம்"னு ஒருத்தர். குடுங்க. அப்ப ரெண்டு ஸ்லாப் ஆயிடுச்சே. குறையற பணத்துக்கு எங்க போவீங்க?

ஒரு சீனியர் மடக்கினார்: "குழந்தைக்கு பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். எடைக்கு ஏத்த டோஸ். ஒரே சதவீதமும் அதானே?" நல்ல கேள்வி சார். ஆனா ஜென்டாமைசினுக்கு எடையோட நிறுத்துவீங்களா? கிரியாட்டினின் பாக்காம எழுதினா ரவுண்ட்ஸ்ல நீங்களே திட்டுவீங்க. எடை ஒண்ணா இருந்தாலும் ஒரு கிட்னி தாங்கும், இன்னொண்ணு தாங்காது. வருமானம்ங்கறது எடை. அரிசி, வாடகை, ஸ்கூல் ஃபீஸ் போக மிஞ்சறதுதான் கிட்னி.

ஒரே விகித வரி நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு. 2017 ஜூலை 1ல வந்துச்சு, பேரு ஜிஎஸ்டி. பிள்ளையார்பாளையத்துல இருந்து கூலிக்கு நெய்யறவங்க என் ஓபிக்கு வருவாங்க. குழித்தறியில உக்காந்து உக்காந்து இடுப்பு போயிருக்கும். ரெஸ்ட் எடுங்கன்னா, "தறியில உக்காரலன்னா கூலி ஏது டாக்டர்?"ம்பாங்க. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தாதான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. அந்த அட்டையோடதான் வருவாங்க. அவங்க போன் ரீசார்ஜுக்கும் 18%, அவங்க நெய்யற சேலையை விக்கற முதலாளி ரீசார்ஜுக்கும் 18%. "நாம மட்டும்தான் வரி கட்டறோம்"னு ஸ்டேட்டஸ் போடறவங்க இதைக் கணக்குல சேக்கறதே இல்லை.

சரி, எதிர்த்தரப்புக்கும் ஒண்ணு சொல்லணும். 1973-74ல உச்ச விகிதம் 97.75%. அது கிறுக்குத்தனம், நான் அதுக்கு வக்காலத்து வாங்கல. வரி எளிமையா இருக்கணும்ங்கறதும் சரிதான். ஆனா நம்மை வதைச்சது ஸ்லாப் இல்லை, 80சி, வாடகை ரசீதுன்னு கழிவுக்கு மேல கழிவு. புது முறை அதுல பெரும்பாலானதைத் தூக்கிட்டு ஸ்லாபை வெச்சிருக்கு. ஃபைல் பண்ண அரை மணி நேரம்கூட ஆகல எனக்கு.

"விகிதம் குறைஞ்சா ஏய்க்கறவங்க தானா வந்து கட்டுவாங்க." சம்பளக்காரனுக்கு கைக்கு வரும் முன்னாடியே டிடிஎஸ், கேஷ்ல வாங்கறவனுக்கு ஒண்ணுமில்லைங்கற உங்க கோபம் எனக்கும் இருக்கு. ஆனா பூஜ்யம்னு கணக்கு காட்டறவனுக்கு 30%ம் பூஜ்யம், 12.5%ம் பூஜ்யம். ரஷ்யா உதாரணம் காட்டறவங்களுக்கு: 2001ல 13% ஒரே விகிதம் கொண்டுவந்த அதே ரஷ்யா, 2021ல மேல 15% சேத்துச்சு. 2025ல இருந்து அங்க 13ல தொடங்கி 22 வரைக்கும் 5 படி.

கடைசியா ஒண்ணு. பட்டியலிட்ட ஷேரை ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா, 1.25 லட்சத்துக்கு மேல வர்ற லாபத்துக்கு வரி 12.5%. லாபம் 2 லட்சமோ 2 கோடியோ, அதே விகிதம்தான். நைட் டூட்டி பார்த்து நான் சம்பாதிக்கற கடைசி ரூபாய்க்கு 15%. சமத்துவம் பேசற குரூப்ல இதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல.

ஓபிக்கு நேரமாச்சு. சண்டை போடணும்னா சாயங்காலம் வாங்க, கால்குலேட்டரோட.