வாயிலில் யாரை நிறுத்துவது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஜாகாவைத் தெரியும். வாயிற்கம்பத்தின் அருகே அமர்ந்திருப்பார். வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுக் கம்பத்தைத் தூக்குவார். மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்.

ரௌட்டரில் உள்ள பொட்டல வடிகட்டியும் அவரைப் போன்றதுதான். இணையத் தரவு சிறு சிறு பொட்டலங்களாகப் பயணம் செய்கிறது. ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, போர்ட் எண் ஆகியவை இருக்கும். வடிகட்டி அவற்றைப் பார்த்து, நாம் எழுதிய விதிகளோடு மேலிருந்து கீழாக ஒப்பிடும். பெரும்பாலான ரௌட்டர்களில் முதலில் பொருந்தும் விதியே முடிவு. அதற்குக் கீழே உள்ளவை பார்க்கப்படுவதில்லை.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கு இவ்விதிகளை நான் எழுதிக் கொடுத்தேன். இணையப் பக்கங்களுக்கான 80, 443 ஆகிய போர்ட்டுகளைத் திறந்துவிட்டு, மற்ற அனைத்தையும் அடைத்தேன். மறுநாளே பிள்ளைகள், “அண்ணே, லைன் இருக்கு, ஒரு பக்கமும் திறக்கல” என்றார்கள். தளப் பெயரை எண் முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ் கேள்விகள் 53-ஆம் போர்ட் வழியே போகின்றன. அதை மறந்துவிட்டேன்.

தேர்வு நெருங்கிய அவசரம். “எல்லாம் போகலாம்” என்று ஒரு விதியை உச்சியில் போட்டேன். பக்கங்கள் திறந்தன; கீழிருந்த விதிகள் அனைத்தும் பயனற்றுப் போயின. வகுப்புக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்து 25-ஆம் போர்ட் வழியே குப்பை அஞ்சல்களை அனுப்பியிருந்தாலும் தடுக்க ஆளில்லை. பல மாதங்கள் யாரும் கேட்கவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாயிலை அடைத்தால் கூச்சல் எழும். திறந்து போட்டால் சத்தமே வராது. ஆகவே என் கருத்து இதுதான்: ஒவ்வொரு விதிக்கும் காரணத்தையும் தேதியையும், வகுப்பு ஆசிரியருக்கும் புரியும்படி, தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். தற்காலிக விதி என்றால் நீக்கும் நாளையும் குறிக்க வேண்டும். தடுக்கப்பட்டவர் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இது ஒரு வகுப்பறையோடு முடிவதன்று. 2024-இல், தீங்கான தளங்களைத் தடுப்பதற்காக, வெளி டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கேள்விகளைத் தங்கள் சொந்த வழங்கிகளுக்குத் திருப்புமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டது. கெடு செப்டம்பர் 30. நான் மறந்த அதே 53-ஆம் போர்ட்தான் இங்கும் பேசுபொருள். விவரம் அறிந்தவர்கள் அதன் பொருளை மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள், எதிர்ப்பு வலுத்தது. செப்டம்பர் 8-ஆம் நாளே, அதைத் தொடர வேண்டாம் என்று தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அறிவித்தார்.

தடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் அமரும் இடத்தில் காவல் வேண்டும். ஆனால், யார் சொல்லி, எதற்காகக் கம்பம் இறங்கியது என்று கேட்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே வேண்டும். அடுத்த விடுமுறையில் தோட்டத்துக்குத் திரும்பும்போது, அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தையாவது எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம்.