எலியா எழுதாமல் விட்டது

பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில் சார்ள்ஸ் லாம்பின் (1775–1834) கட்டுரைகளை நான் பழைமைக்கான ஏக்கம் என்றே வாசித்தேன். இனிமையானவை, சற்றே கண்ணீர் கலந்தவை, அவ்வளவுதான். ஐம்பது வயதைத் தாண்டியபின் மீண்டும் வாசித்தபோதுதான் அவற்றில் எது எழுதப்படவில்லை என்பது கண்ணில் பட்டது.

1796 செப்டெம்பர் 22. லாம்புக்கு வயது 21. மனநோயின் பிடியிலிருந்த அக்கா மேரி, பெற்ற தாயைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். அக்காவைத் தாமே பொறுப்பேற்றுப் பராமரிப்பதாகத் தம்பி உறுதியளித்தார். கிழக்கிந்தியக் கம்பனியில் 33 ஆண்டுகள் கணக்கெழுதி அந்த உறுதியைக் காப்பாற்றினார்.

1798 இல் வெளியான கவிதையொன்றின் தொடக்கத்தில் தாயின் மரணத்தைச் சொல்லியிருந்தார். 1818 தொகுப்பில் அந்தப் பகுதியை அவரே நீக்கிவிட்டார். 1820 இல் லண்டன் மகசினில் 'எலியா' என்ற புனைபெயரில் கட்டுரை எழுதத் தொடங்குகிறார். (அதுவும் பழைய சக எழுத்தர் ஒருவரிடம் வாங்கிய இரவல் பெயர்.) அக்கா மேரி அங்கே ஒன்றுவிட்ட சகோதரி பிரிஜெற் ஆகிறார். அண்ணன் ஜோன், ஜேம்ஸ் எலியா ஆகிறார். தந்தைக்கு லவல் என்று பெயர். பாட்டியோ பெரிய மாளிகையொன்றில் உலாவுகிறார். தாய்க்கு மட்டும், நான் வாசித்தவரையில், ஒரு மாற்றுப்பெயர்கூட இல்லை.

1822 ஜனவரியில் வெளியான 'கனவுக் குழந்தைகள்' இன்னும் துயரமானது. நடிகை ஃபனி கெலியிடம் 1819 இல் திருமணம் கேட்டு எழுதினார், அவர் மறுத்தார். 1821 இல் அண்ணன் இறந்தார். பிறக்காத பிள்ளைகள் இருவரை அருகிலிருத்தி, பாட்டியின் கதையையும் இறந்த அண்ணனின் கதையையும் சொல்கிறார் எலியா. பிள்ளைகள் மெல்ல மங்கி மறைகின்றனர். கண் விழித்தால் நாற்காலி; பக்கத்தில் மாறாத பிரிஜெற். தாயைக் கொன்ற கை அங்கே அமைதியாக அருகில் இருக்கிறது. வாசகனுக்கு அது தெரியாது.

உண்மையை மறைப்பவன் பொய்யனுக்கு அடுத்த வீட்டுக்காரன் என்று நம்பியே செய்தித் தொழிலில் காலம் கழித்தவன் நான். ஆயினும் லாம்பைக் குற்றஞ்சாட்ட மனம் வரவில்லை. அச்சான இதழைக் கையிலெடுத்து வாசிக்கக்கூடிய அக்கா அதே வீட்டில் இருந்தார். வாசகனிடம் மறைத்தாரா, அக்காவுக்கு இடம் விட்டாரா? இரண்டாவதே சரியென்று எனக்குப் படுகிறது.

லாம்ப் 1834 இல் மறைந்தார். மேரி 1847 வரை வாழ்ந்தார். நண்பர் டல்ஃபோர்ட் முழுக்கதையையும் நூலாக வெளியிட்டது 1848 இல்.