சிப்பிப்பாறைக்கு ஃப்ளாட் சரிப்படுமா?

பாலவாக்கம் கடற்கரையில் காலையில் வாக்கிங் போகிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் பார்த்திருக்கலாம். குச்சிக் கால், ஒட்டிய வயிறு, கூரான மூஞ்சி... கழுத்தில் பட்டையோடு ஒரு சிப்பிப்பாறை நாய், நிற்கிற ஒவ்வொரு காரிடமும் ஓடிப் போய் முகர்ந்து பார்க்கும். 'வழி தவறிடுச்சு போல, பாவம்' என்போம். வழி தவறவில்லை ஸார், கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்!

இப்படிப்பட்ட நாய்களைத் தேற்றி, தடுப்பூசி போட்டு, நல்ல வீடு தேடித் தருகிற தம்பதி என் நண்பர்கள். போன மாதம் ஒரு நாயைக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் சேர்க்க அவர்களோடு காரில் போனேன். 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம். புறப்படுவதற்கு நாலு மணி நேரம் முன்னாலேயே சாப்பாடு, அதுவும் அரை வயிறு. இரண்டு மணிக்கு ஒருதரம் வண்டியை நிறுத்தித் தண்ணீர். டீக்கடையில் இறங்கினாலும் ஒருத்தர் நாயோடுதான் இருக்க வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வெயிலில் பூட்டிய கார் சில நிமிஷத்தில் அதன் உயிரையே வாங்கிவிடும். சங்கிலியையும் கைவிடக் கூடாது. ஒரு ஆட்டுக்குட்டி துள்ளினால் போதும், பாய்ந்துவிடும்!

ஏன் அப்படி? சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்டப் பிறந்த ஜாதி. வெளிநாட்டு கிரேஹவுண்டுக்குத் தூரத்து உறவு மாதிரி. 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாகிவிட்டது. வேலை போச்சு, ஓட்டம் போகவில்லை. அதைக் கொண்டுவந்து மூணாவது மாடி பால்கனியில் கட்டினால்? ராத்திரியெல்லாம் குரைக்கும், சோபாவைக் கிழிக்கும். விலா எலும்பு தெரிவது அதன் உடல்வாகு என்று தெரியாமல் சோற்றைத் திணித்து ஊத வைப்பவர்களும் உண்டு.

"நாட்டு நாயைக் காப்பாத்தணும்னுதானே வாங்கினோம்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020-ல் பிரதமரே வானொலியில் நம்ம ஊர் நாய்களைப் பற்றிப் பேசினார். பெருமைதான். ஆனால் பெருமைக்காகக் குட்டி வாங்கி, ஒரு வருஷத்தில் பீச்சில் விடுவதற்குப் பெயர் காப்பாற்றுவதா?

என் கருத்து இதுதான். தினம் இரண்டு வேளை ஓட விட உங்களுக்கு நேரமும் இடமும் இருக்கிறதா? இல்லையென்றால் குட்டி வாங்காதீர்கள். இருந்தால், கைவிடப்பட்ட பெரிய நாயைக் கேட்டு வாங்குங்கள். அதன் குணம் முன்கூட்டியே தெரியும். வருஷம் தவறாமல் வெறிநாய்த் தடுப்பூசி போடுங்கள். அது உங்கள் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. முதல் சில வாரம் வேலிக்குள்ளேயும் சங்கிலியோடு பழக்குங்கள்.

வளர்க்கவே முடியாத நிலைமையா? யாருக்கும் வரலாம், தப்பில்லை. ஆனால் தெருவில் விடாதீர்கள். பழகிய விரிப்பு, சாப்பிட்ட தட்டு, தடுப்பூசி அட்டையோடு புது வீட்டில் நீங்களே ஒப்படையுங்கள்.

கோவில்பட்டியிலிருந்து திரும்பும்போது நண்பரின் மனைவி பேசவே இல்லை. தாம்பரம் தாண்டியதும் சொன்னார்: "அது நம்ம கார் பின்னாடி ஓடி வரலை, கவனிச்சீங்களா?"